வீனஸின் காலடியில் வெள்ளைப் பூ

இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் அருங்காட்சியகத்தில், போத்திச்செல்லியின் வசந்த ஓவியம் இருக்கும் கூடத்தில் நான் இருபத்திரண்டு வருடம் காவல் இருந்தேன். செவ்வாய்தோறும் துய்லியோ என்ற முதியவர் அதைப் பார்க்க வருவார். சந்தையில் பூ விற்ற அவர் மனைவி மஃபால்தா, ஓவியத்திலுள்ள ஒவ்வொரு பூவுக்கும் பொருள் எழுதிவைத்துவிட்டு இறந்துபோனாள். ரோஜா என்றால் காதல், ஆரஞ்சுப் பூ என்றால் கல்யாணம். கடைசி வரியில், ஓவியத்தின் நடுவே நிற்கும் காதல் தேவதை வீனஸின் இடக்கால் அருகே வெள்ளைப் பூ, காத்திருப்பு என்று இருந்தது. அங்கே வெறும் புல்தான். அவர் வாராவாரம் அந்தப் பூவைத் தேடுவார்.

"கடைசியில அவளுக்குப் புத்தி தடுமாறிடுச்சுன்னு மக சொல்றா. அப்படி இருக்காதும்மா" என்பார்.

"உங்களோட நாப்பது வருஷம் குடித்தனம் பண்ணினவங்களுக்குத் தடுமாறாம என்ன செய்யும்?" என்று சிரித்தபடி என் நாற்காலியைக் கொடுப்பேன்.

மே மாதத்தில் ஒருநாள் அவர் தேடவில்லை. "பாத்தியா?" என்றார்.

பூ இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை வெயிலில் அது மட்டும் வாடியது. அடுத்த செவ்வாய் அவர் கடையில் வாங்கிய தண்ணீர்ப் பாட்டிலோடு வந்தார். கூடத்துக்குள் தண்ணீர் கூடாது. மாதா மன்னிப்பாள் என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாட்டிலை ஓவியத்தின் கீழே தரையில் வைத்துவிட்டு, மதிய மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார்.

கிளம்பும்போது அதை என்னிடம் காட்டினார். மூடியின் முத்திரை உடையவில்லை. தண்ணீர் பாதிதான் இருந்தது.