எட்டுக்குப் பதினாறு

"எட்டு கோராம். கேம் எல்லாம் பறக்குதாம்" என்றாள் மனைவி, காய் நறுக்கியபடியே. "அக்கா போன்ல சொன்னா. நமக்கு எதுக்குங்க அதெல்லாம்? இருக்கறதே போதும்."

கிடங்கு மேலாளருக்கு வாயிலிருந்த தேநீர் கசந்தது. எட்டு மூளை சேர்ந்தாற்போல எட்டு கோர் உள்ள ப்ராசஸர் போட்டுக் கம்ப்யூட்டர் வாங்கியிருப்பது வேறு யாருமில்லை, சகலை. மனைவியின் அக்காவைக் கட்டியவர். மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் முதல் நாற்காலி எப்போதும் அந்த ஆளுக்குத்தான்.

"கேமா? அந்த ஆளுக்கு மவுஸை எந்தப் பக்கம் பிடிக்கறதுன்னே தெரியாதே!"

"எனக்கென்னங்க தெரியும்? அப்பாவே நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்தாராம். 'மூத்த மாப்பிள்ளை எதையும் பார்த்துத்தான் வாங்குவாரு'ன்னாராம்."

அவ்வளவுதான். மேலாளர் மிச்சத் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். மூன்று நாள் அலுவலகத்தில் சரக்குப் பட்டியலுக்கு அடியில் ஒளித்துவைத்து ப்ராசஸர் ஒப்பீடுகளைப் படித்தார். பாதி புரியவில்லை. புரியாத பாதியைத்தான் சக ஊழியர்களுக்கு விளக்கினார்.

நான்காம் நாள் கம்ப்யூட்டர் கடைக்காரர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"எட்டு கோரை எது அடிக்கும்?"

"அடிக்கறதுக்கு இது என்ன குஸ்தியா சார்?" கடைக்காரர் சிரித்தார். "வெறும் கேம்னா அந்த எட்டே நல்ல சரக்கு. பதினாறு கோர் பெரிய வேலைக்கு. கேமும் ஆடணும், ஆடறதை அப்படியே நேரலையாவும் விடணும், வீடியோவும் வெட்டி ஒட்டணும்னா பதினாறுதான். உங்க வேலை என்ன?"

மேலாளரின் வேலை நாற்பது வரி கொண்ட ஒரு எக்செல் தாள். அது முடிந்தால் தனியாகச் சீட்டாட்டம்.

"எல்லாமே பெரிய வேலைதான்" என்றார்.

"சூடு கொஞ்சம் அதிகமா வரும். பெரிய ஃபேன் போடணும்."

"என் சகலைகிட்ட இருக்கறதைவிடப் பெரிசா போடுங்க."

கடைவாய்ப்பல் சொத்தையாகி இரண்டு மாதமாக ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தவர், பல் வைத்தியத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிட்டுப் பதினாறுக்கு ஆர்டர் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை கடைக்காரரே வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மாட்டினார். கடைசியில் பழைய கீபோர்டைச் செருகப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். டபிள்யூ, ஏ, எஸ், டி என்று நாலே நாலு எழுத்து மட்டும் தேய்ந்து வழுக்கையாகியிருந்தது.

"என்ன சார், சொல்லவே இல்லையே! ஆளை நடக்கவைக்கற பட்டனாச்சே இது. இந்த நாலும் இப்படித் தேயணும்னா வருஷக்கணக்கா கேம் ஆடியிருக்கணும். பெரிய கை சார் நீங்க!"

மேலாளர் அதை அப்போதுதான் கவனித்தார். மட்டமான கீபோர்டு என்று தோன்றியது. ஆனாலும் வீடு தேடி வந்த பாராட்டை எவன் விரட்டுவான்?

"ஏதோ, நேரம் கிடைக்கறப்ப" என்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

கடைக்காரர் வேகத்துக்கு மதிப்பெண் போடும் சோதனையை ஓட்டிக் காட்டிவிட்டுப் போனதும், முதல் வேலையாகச் சகலைக்குப் போன் போட்டார்.

"சும்மாதான் கூப்பிட்டேன் சகலை. ஒரு சின்ன சந்தேகம். உங்க மெஷின்ல சோதனை ஓட்டினா எவ்வளவு காட்டுது?"

"பதினெட்டாயிரம் சொச்சம். ஏன்?"

"ஒண்ணுமில்ல. இங்க முப்பத்தெட்டாயிரம் காட்டுது. ஏதாவது கோளாறோன்னு பயந்துட்டேன்."

மறுமுனையில் பேச்சு மூச்சில்லை. மேலாளர் சட்டென்று ஸ்பீக்கரில் போட்டு மனைவியைப் பார்த்தார்.

"கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலையே."

"அதான்டி!"

கொஞ்ச நேரம் கழித்து, "கேமுக்கு எங்களோடதுதான் ஒசத்தின்னு கடையில சொன்னாங்களே" என்று ஈனசுரத்தில் வந்தது சகலையின் குரல்.

"இருக்கட்டும் சகலை. சின்ன வேலைக்கு அது தாராளம்."

போனை வைத்தார். முப்பத்தெட்டாயிரம் என்பதை மாமனாரிடம் எந்தத் தோரணையில் சொல்வது என்று கண்ணாடி முன்னால் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். மூன்றாவது பிடித்திருந்தது. நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு மாமனார் வீட்டுக்குக் கிளம்பினார்.

"நீ வரலையா?"

"தலை வலிக்குதுங்க. நீங்க போய் நிதானமா சொல்லிட்டு வாங்க."

வண்டி தெருமுனை திரும்பும்வரை மனைவி ஜன்னலோரம் நின்றாள். பிறகு கதவைத் தாழிட்டாள். பீரோவில் போர்வைகளுக்கு அடியில் கைவிட்டு, மைக் வைத்த ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். திரையில் கவசமும் துப்பாக்கியுமாக இரண்டு பெண் வீரர்கள் வந்து நின்றார்கள்.

"அக்கா, கேக்குதா? சும்மா வெண்ணெய் மாதிரி ஓடுது. இன்னிக்கே நேரலையில விட்டுடலாம். மாமா எப்படி இருக்காரு?"

"போனை வெச்சதுலேர்ந்து கூடத்துல குறுக்கும் நெடுக்குமா நடக்கறாருடி. தட்டுல போட்டது போட்டபடி இருக்கு."

"அப்ப இனி உன் முறை. முப்பத்திரண்டு கோர் வந்திருக்காம்னு மெதுவா அவர் காதுல போட்டு வை!"