ஆணியில் தொங்கிய மாலை

திருடு போயிருந்தால்கூட நம்பிராஜன் இவ்வளவு எரிச்சல்பட்டிருக்க மாட்டான். ஆணியில் ருத்திராட்ச மாலை தொங்கத்தான் செய்தது. அதே அளவு மணி, அதே சிவப்பு நூல். ஆனால் அது அவனுடைய மாலை இல்லை.

மாஹிமில் அக்தர் பானு ஞாயிறுதோறும் தன் வீட்டில் கறிச்சோறு போடுவாள். முன்னறையில் ஆண்களுக்கு, உள்ளறையில் பெண்களுக்கு. தாராவியிலிருந்து மாலை போட்டவர்களும் வந்ததால், சாமிக்கும் வயிற்றுக்கும் சண்டை வராமலிருக்க வாசல் சுவரில் வரிசையாக ஆறு ஆணி அடித்து வைத்திருந்தாள். மாலையைக் கழற்றி மாட்டிவிட்டுப் போய்ச் சாப்பிட வேண்டும், வாய் கொப்பளித்துவிட்டு வந்து எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

"அக்கா, எம் மாலைய எவனோ மாத்தி எடுத்துட்டுப் போயிட்டான்."

"அடுப்பு முன்னால நிக்கவளுக்கு ஆணியப் பாக்கவா தம்பி நேரம்?" அக்தர் பானு மேலப்பாளையத்துக்காரி, பம்பாய் வந்து எத்தனையோ வருஷமாகியும் பேச்சு மாறவில்லை. "தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். இங்க வந்தவுக பேரச் சொன்னா, நாளைக்கு ஒம் பேரையும்லா சொல்லணும்."

"இப்ப நான் என்னக்கா செய்ய?"

"ஈரலு கடைசித் தட்டு ஒனக்குத்தான் கெடச்சுது. உள்ள கேட்ட ஆளுக்கு இல்லன்னுட்டேன். அந்தச் சந்தோசத்தோட வீட்டுக்குப் போ."

தின்ற ஈரல் நெஞ்சிலேயே நின்றது.

நம்பிராஜன் தாராவியில் கோமதிநாயகத்தின் தையல் பட்டறையில் துணி வெட்டுகிறவன். முதலாளி மகள் செண்பகவல்லியின் மேல் ஆசைப்பட்டு, மூன்று மாதம் தவியாய்த் தவித்து, கடைசியில் போய்ப் பெண் கேட்டுவிட்டான். கோமதிநாயகம் கோபப்படவில்லை. தாமே ஒரு மாலையைக் கோத்து, அதில் விரிசல் விட்டிருந்த ஒரு மணிக்குச் செம்புக் கம்பி சுற்றி, அவன் கழுத்தில் போட்டார்.

"நாப்பத்தெட்டு நாளு கவிச்சி தொடப்படாது. தொட்டேன்னு தெரிஞ்சா பொண்ணுமில்ல, பட்டறையில எடமுமில்ல," என்றார். "எம் பொண்ணப் பாருல. மாலை போட்டு மூணு வருசமாச்சு. ஞாயித்துக்கெளமன்னா ராச்சோத்தக் கையால தொடமாட்டா. அம்புட்டு விரதம்."

அந்த விரதக்காரியை நினைத்துக்கொண்டுதான் நாற்பது நாளை ஓட்டினான். அந்த அறுபத்தாறாம் வருஷம் ரேஷனில் போட்டது சிவப்புச் சோளம். அதில் ரொட்டி சுட்டு, கீரையைத் தொட்டுத் தின்று தின்று, சாப்பாடு என்றாலே அவனுக்குக் கோபம் வந்தது. நாற்பத்தொன்றாம் நாள், கால் தானாக மாஹிம் பக்கம் திரும்பிவிட்டது.

இன்னும் ஒரு வாரம் வாயைக் கட்டியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று வழியெல்லாம் தன்னையே வைதுகொண்டான். யாருடையதோ மாலை சட்டைக்குள் உறுத்திக்கொண்டே வந்தது. விடிந்தால் திங்கட்கிழமை. திங்கட்கிழமைதோறும் எல்லோருடைய மாலையையும் தாம்பாளத்தில் வாங்கி, பாலில் கழுவி, முருகன் படத்துக்கு முன்னால் வைத்த பிறகுதான் பட்டறையில் மெஷின் ஓடும். கோமதிநாயகம் ஒவ்வொரு மாலையாகத் தொட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பார்.

ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. முதலாளியே மாஹிமுக்கு வந்து, அவசரத்தில் மாற்றி எடுத்திருந்தால்? ஊருக்கு உபதேசம் செய்கிறவர்களை நாம் பார்க்காததா? காலையில் பட்டறைக்குள் நுழைந்ததும் முதலில் அவர் கழுத்தைத்தான் பார்த்தான். செம்புக் கம்பி எதுவும் இல்லாத அவருடைய மாலை அவர் கழுத்திலேயே கிடந்தது.

"என்னல முழிக்க? மாலையக் கழட்டிப் போடு," என்றார் கோமதிநாயகம்.

செண்பகவல்லி தாம்பாளத்தோடு எதிரே வந்து நின்றாள். நம்பிராஜன் மாலையைக் கைக்குள் சுருட்டிக் கொண்டுபோய் மற்ற மாலைகளுக்கு அடியில் திணித்தான். குனிந்திருந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் சிவந்தது. அண்ணாந்து அவனை ஒரு முறை முறைத்தாள்.

தொலைந்தோம் என்று நினைத்துக்கொண்டான். இவளுக்காக நாற்பது நாள் கீரை தின்றோமே, ஒரே ஒரு தட்டு ஈரலில் எல்லாம் போயிற்றே என்று அவனுக்கு அழுகை வந்தது. அவள் தடுப்புத் துணிக்குப் பின்னால் போய்ப் பால் ஊற்றும் சத்தம் கேட்டது. இனி வேலை தேடி தேவ்நார் போவதா, முலுண்ட் போவதா என்று யோசிக்கத் தொடங்கினான்.

தாம்பாளம் திரும்பி வந்தது. கோமதிநாயகம் ஒரு மாலையை எடுத்தார். விரலால் மணிகளைத் தள்ளிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார்.

"எங்கையால சுத்துன கம்பி," என்றார். "அன்னைக்குச் சுத்துனது இன்னைக்கும் அப்படியே இருக்கு. நீயும் சொன்ன சொல்லக் காப்பாத்திட்டு வாரல."

நம்பிராஜனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் கையில் இருந்தது அவனுடைய மாலைதான். செம்புக் கம்பியில் பால் சொட்டிக்கொண்டிருந்தது.

அதை அவன் கழுத்தில் போட்டுவிட்டு, சூடம் கொளுத்த அவர் படத்தின் பக்கம் திரும்பினார். செண்பகவல்லி விபூதித் தட்டை அவன் முன்னால் நீட்டினாள். முகத்தில் அந்தக் கோபம் அப்படியே இருந்தது. அவன் விபூதி எடுக்கக் குனிந்ததும், அவன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்:

"கடைசித் தட்டு ஈரல நீங்கதான் தின்னீயளாக்கும்?"