காதுள்ள மாப்பிள்ளை

"புளூடூத்தாம், புளூடூத்! நாற்பது வருஷம் ஊராரோட வாயைப் பார்த்தவன் நான். நீலப் பல்லு எவனுக்கும் இருந்ததில்லை!"

போன மாதம் மகளுக்காக வந்துபோன பேங்க் வரனைப் பற்றித்தான் பல் டாக்டர் இப்படி எகிறிக்கொண்டிருந்தார். ஹாலில் நின்ற ஹார்ன் ஸ்பீக்கர்களைப் பார்த்து, "இதுல புளூடூத் இருக்கா சார்?" என்று கேட்டதுதான் அந்தப் பிள்ளை செய்த பாவம்.

அவை இரண்டும் இடித்துத் தள்ளிய சினிமா கொட்டகை ஒன்றில், திரைக்குப் பின்னால் நின்றவை. ஆளுயரப் பெட்டி, அதன் தலையில் யானைக் காது மாதிரி விரிந்த குழல். உள்ளே கொண்டுவர வாசல் நிலையையே பெயர்க்க வேண்டியிருந்தது. சோபா மொட்டை மாடிக்குப் போய்விட்டது. அவர் மனைவியும் மகளும் ஹாலை நண்டு மாதிரி பக்கவாட்டில் கடக்கப் பழகிவிட்டார்கள்.

"அதுக்கு முந்தி வந்தவன் கொட்டாவி விட்டான். அதுக்கும் முந்தி ஒருத்தன், டீ டம்ளரைக் கொண்டுபோய் ஸ்பீக்கர் மேல வச்சான். செவிடன் காதுல சங்கு ஊதலாம். அவனுங்க காதுல ஊதினா சங்குக்குத்தான் கேவலம்."

"அப்பா, இன்னிக்கு வர்றவர் நானா பார்த்து முடிவு பண்ணினவர். அவரைப் பத்தி ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன்…"

"படிப்பு, சம்பளம், சொந்தபந்தம் எதுவும் எனக்கு வேண்டாம். காது இருக்கான்னு நான் பார்த்துக்கறேன். நீ வாயைத் திறக்காதே."

வாழ்நாளெல்லாம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் பேச முடியாதவர்களிடமே பேசிப் பழகியவர். அவரிடம் யார் வாதாடி ஜெயிப்பது? மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா, "அவர் தலையெழுத்து, பார்த்துக்கட்டும்" என்று முணுமுணுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

வந்த இளைஞன் கட்டட வரைபடம் வரைபவன். "வணக்கம் சார்" என்றான். குரல் தணிந்திருந்தது, ஒவ்வொரு சொல்லாக அளந்து வைத்தான்.

'பரவாயில்லையே, இந்தக் காலத்துப் பசங்க மாதிரி வாயில பாக்கு போட்டுக்கிட்டு பேசலையே' என்று நினைத்துக்கொண்டார் பல் டாக்டர். ஆனால் அவ்வளவு சீக்கிரம் மார்க் போட்டுவிடக் கூடாது. எதிரே உட்காரவைத்து, இசைத்தட்டைச் சுழலவிட்டார். வெளிநாட்டு வாத்தியக் குழு ஒன்றின் பழைய தட்டு. ஜன்னல் கண்ணாடி அதிர, ஹால் முழுக்க எக்காளம் கிளம்பியது.

இளைஞன் போனை எடுக்கவில்லை. கொட்டாவி விடவில்லை. எழுந்து பெட்டியின் அருகே போய், "இதைத் தொடலாமா சார்?" என்று கேட்டான்.

இதுவரை யாரும் அனுமதி கேட்டதில்லை. "தாராளமா" என்றார்.

அவன் உள்ளங்கையைப் பலகையில் பதித்து, கண்ணை மூடி வெகுநேரம் நின்றான். கண் திறந்ததும் அவர் ஏளனமாகக் கேட்டார். "என்ன தெரியுது?"

"அடியில ஒருத்தர் நிதானமா நடந்துக்கிட்டே இருக்கார் சார். மத்தவங்க எல்லாரும் ஓடறாங்க, நிக்கறாங்க, மறுபடி ஓடறாங்க. இவர் மட்டும் யாருக்காகவும் நடையை மாத்தல."

பல் டாக்டருக்கு மயிர்க்கூச்செறிந்தது. தட்டின் அடிநாதமாக ஒலிக்கும் அந்த ஆளுயர வயலின்! எக்காளத்தைப் புகழ்ந்தவர்கள் உண்டு, பியானோவைப் புகழ்ந்தவர்கள் உண்டு. அடியில் நடக்கும் அந்த மனிதரைக் கண்டுபிடித்தவர் ஒருவருமில்லை.

இன்னும் ஒரு சோதனை பாக்கியிருந்தது. ஒலியை முழுதாகக் கூட்டினார். அடுப்படியிலிருந்து வந்த மனைவி ஏதோ சொன்னாள். ஒரு எழுத்துகூட அவர் காதில் விழவில்லை. அவர் இளைஞனுக்கு நேராக நின்று, குரலை உயர்த்தாமல் சாதாரணமாகக் கேட்டார். "காபிக்குச் சர்க்கரை எவ்வளவு?"

"அரை ஸ்பூன் போதும் சார்."

"பாத்தியா!" ஒலியைக் குறைத்துவிட்டு மனைவி பக்கம் பாய்ந்தார். "இந்த இரைச்சல்ல, பக்கத்துல நிக்கற உன் பேச்சு எனக்கே கேக்கல. ஆனா இந்தத் தம்பி வாத்தியம் தனி, பேச்சு தனின்னு பிரிச்சு எடுக்கறார்! இதுக்குப் பேர்தான் காது. உங்க ரெண்டு பேருக்கும் இருக்கறது தோடு மாட்டற கொக்கி!"

"அப்பா, நான் காலையிலேர்ந்து சொல்ல வர்றதே…"

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். உன் வாழ்க்கையில நீ உருப்படியா பண்ணின ஒரே காரியம் இதுதான். இனி எவன் வந்து என்ன சொன்னாலும் சரி, இவர்தான் மாப்பிள்ளை. என் பேச்சுக்கு ரெண்டாம் பேச்சு கிடையாது. ஊர்ல இருக்கற செவிட்டு ஜென்மங்களுக்கு நடுவுல, காதுள்ள ஒருத்தன் இந்த வீட்டுக்கு வரட்டும்!"

சுவர்ப் பக்கம் திரும்பி, ஓடி முடிந்த தட்டைப் பக்குவமாக எடுத்துத் துடைத்தபடியே கேட்டார். "அப்புறம் தம்பி, கல்யாணத்தை எப்ப வச்சுக்கலாம்?"

பதில் இல்லை.

"என்ன மாப்பிள்ளை, வெட்கமா? உங்களைத்தான் கேக்கறேன்."

அப்போதும் பதில் இல்லை. மகள்தான் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இந்தப் பக்கம் திரும்பிக் கேளுங்கப்பா. சின்ன வயசுல வந்த காய்ச்சல்ல அவருக்கு ரெண்டு காதும் போயிடுச்சு. உங்க உதட்டைப் பார்த்துத்தான் இவ்வளவு நேரம் பேசிட்டிருந்தார்."