பூசினது தெரியாத சன்ஸ்கிரீன்

தண்ணீர்போல லேசாக இருந்தால் போதும், முகத்தில் வேறெதுவும் படிய வேண்டாம் என்று நினைத்தபடி அவள் கடையில் நின்றாள்.

"எண்ணெய் வழியுற முகத்துக்கு இந்தக் கொரியன் சன்ஸ்கிரீன்தான் மேடம். பூசுனதே தெரியாது," என்றாள் விற்பனைப் பெண்.

"தெரியாதுன்னா எதுக்கு வாங்கணும்? நல்லா திக்கா, கலர் கலந்ததா எடும்மா," என்று குறுக்கிட்டாள் மாமியார்.

"அது பிசுபிசுன்னு நிக்கும், அத்தை."

"ஒரு நாளைக்கு நிக்கட்டுமே." மாமியாரின் குரல் தணிந்தது. "நாளைக்கு உங்க அம்மா அப்பா வர்றாங்க. என் புள்ளை ஏதோ கோவத்துல அறைஞ்சிட்டான். அஞ்சு விரலும் கன்னத்துல அப்படியே இருக்கே, பார்த்தா என்ன நினைப்பாங்க?"

விற்பனைப் பெண் காதில் விழாததுபோல அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மருமகள் கொரியன் டியூபைக் கையில் எடுத்தாள்.

"எனக்கு இதுவே போதும், அத்தை."