முதலாளியின் கணினியில் தங்கச்சி குரல்

கடைக் கணினியில் கணக்கு எழுதிய என் தங்கச்சிக்கு முதலாளி வைத்த சம்பளப் பாக்கி ஆயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய். கேட்டதற்கு, "கண்ணு தெரியாதவளுக்குக் கொடுத்ததே பெருசு" என்று வேலையைவிட்டு நிறுத்தினார். கிளம்பும் முன் அவள் தன் குரலைப் பதிந்து, 'சம்பளம்' என்று பெயரிட்டு, கணினியைப் போட்டதும் தானாக ஓடுபவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டாள். அன்றிலிருந்து தினமும் வாடிக்கையாளர் முன்னால், "முதலாளி, என் சம்பளம் எப்போ?" என்கிறது பெட்டி. அவர் மானம் கப்பலேறிவிட்டது.

இன்று அவளை வரவழைத்து, பணத்தை மேசையில் வைத்துவிட்டுக் கழுத்து வியர்வையைத் துடைக்கிறார். அதே கடையில் மூட்டை இறக்கிய கையோடு நான் பக்கத்தில் நிற்கிறேன். "அதை எடுத்துவிடும்மா" என்கிறார். தங்கச்சி தடவிப் பார்த்துத் திரையை அணைக்கிறாள். "நீங்களே எடுங்க முதலாளி. காதால கேட்டு." திரையைப் படித்துச் சொல்லும் கணினிக் குரல் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயராகச் சொல்கிறது. அவர் கீழ் அம்பு விசையை அழுத்திக்கொண்டே போகிறார். 'சம்பளம்' என்ற பெயரைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறார். ஜன்னல் வெயிலில் கறுத்த திரை அவர் முகத்தையே அவருக்குக் காட்டுகிறது. "அவசரமில்ல. நான் மூணு வருஷம் இங்க இப்படித்தான் வேலை பார்த்தேன்" என்கிறாள். அவள் சிரிக்கவில்லை. நான் சிரிக்கிறேன்.

கடைசியில் அவர் சரியான விசையை அழுத்த, "சம்பளம், முடக்கப்பட்டது" என்கிறது குரல்.

"இப்போ கணக்கு தீர்ந்துச்சு" என்று தங்கச்சி பணத்தை எடுத்துக்கொள்கிறாள்.