வளைவுக்கு வளைவு

“நிறுத்தும்மா, நிறுத்து! அந்தப் பாறை மேல அலை எப்படி ஏறுது பாரு!”

மகள் பல்லைக் கடித்துக்கொண்டு காரை ஓரங்கட்டினாள். மலையை ஒட்டிய கடற்கரைச் சாலை. கிளம்பியதிலிருந்து வளைவுக்கு வளைவு நிறுத்தச் சொன்னார் அப்பா. வண்டி ஓடினாலோ, “ஹாரன் அடி, கியரைக் குறை” என்று உயிரை வாங்கினார்.

“அப்பா, வண்டி ஓட்டுறது நானா, நீங்களா? இதுக்கா நான் லீவு போட்டேன்?”

பின்சீட்டிலிருந்து அம்மா பொரிந்து தள்ளினாள். “கடலையே காணாத மாதிரி என்னங்க இது? இப்படியே போனா பொழுது சாஞ்சுதான் ரூமுக்குப் போய்ச் சேருவோம்!”

அப்பா காதிலேயே வாங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டினார்.

எதிரே வந்த பஸ் வேகம் குறைந்து அருகில் நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“அண்ணே! ரிட்டையர் ஆகியும் இந்த ரோட்டை விடலையா? சர்வீஸ் பூரா இதுலதானே பஸ் ஓட்டினீங்க, இன்னுமா அலுக்கல?”

அப்பா கடலிலிருந்து பார்வையைத் திருப்பவில்லை.

“பஸ் நிறைய ஆளுங்கள வச்சுக்கிட்டு, ரோட்டை விட்டு எங்கப்பா கண்ணை எடுத்தேன்? இன்னிக்குத்தான் பாக்குறேன்.”

பஸ் நகர்ந்தது. மகள் இன்ஜினை அணைத்தாள்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

“அதுக்கு ஏன் கழுத்தைச் சுளுக்கிக்கிறீங்க? இறங்கி நின்னு நல்லாப் பாருங்க!”