ஒரே ஒரு மீன்

"சோப்பு எங்க?"

மாடி அறையிலிருந்து வந்த குரலைக் கேட்டு விடுதிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். படுக்கை விரிப்பைத் துவைத்து, ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த கடல் உப்பைத் துடைத்து, கொசுவலைக் கிழிசலைக்கூடத் தைத்து வைத்த மனிதர், சோப்பில் கோட்டை விட்டிருந்தார்.

"இதோ வந்துட்டேம்மா!" இரண்டு இரண்டு படியாகத் தாவினார்.

அந்த அம்மாள் மெத்தையின் மூலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தலையணை உறையைத் திருப்பிப் போட்டிருக்கீங்க. தையல் வெளியில தெரியுது."

"மாத்திடறேம்மா."

"சாப்பாடு எத்தனை மணிக்கு?"

"ஒரு மணிக்கு டாண்ணு வந்துடும்."

காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று இரண்டே பஸ் வந்து போகிற அந்தக் கடலோரக் கிராமத்தில், தங்கவும் சாப்பிடவும் இருந்தது அந்த நாலு அறை விடுதி ஒன்றுதான். அந்த அம்மாள் ஒரு நாள் இருந்து பார்த்துவிட்டு 'சரி' என்றால் நாளைக்கும் திறந்திருக்கும். உதட்டைப் பிதுக்கினால் மூன்று மாதத்துக்குப் பூட்டுதான்.

சமையலறையில் போன் அடித்தது. வெளியூரிலிருந்து மகள்.

"அப்பா, பாஸா பெயிலா?"

"சோப்புல ஒரு மார்க் போச்சு. போனை வைம்மா, மீன் கருகுது!"

நல்ல வேளை, கருகவில்லை. காலையில் படகுகள் கரைக்கு வந்ததும் முதல் ஆளாகப் போய் நின்று எடுத்த மீன். சோறு, சூப், எலுமிச்சைத் துண்டு என்று எல்லாம் எடுத்து, ஒரு சொட்டு சிந்தாமல் மேஜைக்குக் கொண்டுபோனார். மணி சரியாக ஒன்று. இத்தனை வருஷமாக வாசலில் உட்கார்ந்து சாவி மட்டும் எடுத்துக் கொடுத்தவருக்குத் தன் மேலேயே ஒரு மரியாதை வந்தது.

அந்த அம்மாள் கை கழுவி உட்காரவும் வாசலில் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு ஆள், பின்னால் மனைவி, அவள் தோளில் குழந்தை. வியர்வையில் குளித்திருந்தார்கள்.

"அண்ணே, டயர் பஞ்சர். ஆறு கிலோமீட்டர் தள்ளிட்டே வர்றோம். சாப்பிட ஏதாவது கிடைக்குமா?"

சோறு இருந்தது. சூப் கொஞ்சம் தேறும். மீன் கிடையாது. குழந்தை மேஜையிலிருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

விடுதிக்காரர் ஒரு கணம்தான் தயங்கினார். நடப்பது நடக்கட்டும் என்று அந்த அம்மாளிடம் போனார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. குழந்தை பசியோட இருக்கு. இந்த மீனை அவங்களுக்குக் குடுத்துட்டு, உங்களுக்கு முட்டை பொரிச்சுத் தரேன்."

அந்த அம்மாளின் புருவம் மட்டும் மேலே ஏறியது. அவர் தட்டைத் தூக்கிவிட்டார். எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே முட்டையை உடைத்ததில் ஓடும் சேர்ந்து விழுந்தது.

வந்தவர்கள் முள்ளைத் தவிர ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. குழந்தை மேஜையிலேயே தூங்கிவிட, ராத்திரி தங்க அறையும் கேட்டார்கள். சாவியைக் கொடுத்து மாடிக்கு அனுப்பிவிட்டு வந்தார்.

அந்த அம்மாள் முட்டை ஓட்டைத் தட்டின் ஓரமாக ஒதுக்கியிருந்தாள்.

"சோப்பு இல்ல. உறை திருப்பி. முட்டையில உப்பே இல்ல, ஓடுதான் இருக்கு."

"அப்ப பெயில்தானா?" அவர் தட்டை எடுக்கக் குனிந்தார்.

"உப்புப் போட ஒரு வாரத்துல கத்துக்கலாம். பசின்னு ஒருத்தர் வந்து நின்னா யார் தட்டுலேர்ந்து எடுக்கணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே, அது போதும்." அந்த அம்மாள் சிரித்தாள். "அலமாரி மேல இருக்கிற பெரிய பெட்டியை இறக்குங்க. நாளைக்குக் காலை பஸ்ஸுக்கே கிளம்பறேன். பிரசவத்துக்கு அம்மா வந்துடுவான்னு நம்ம பொண்ணுக்கு போன் பண்ணிச் சொல்லுங்க" என்றாள், முப்பது வருஷமாக அந்த விடுதிக்கு வந்தவர்களுக்கெல்லாம் நின்றபடியே பரிமாறி, இன்றைக்குத்தான் முதல்முறையாக, விருந்தாளி போல அந்த மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்ட அவர் மனைவி.